வெளிநாட்டுக் கிளினிக்கில் மாரடைப்பு: ஆஸ்பிரின் கொடுத்து அம்புலன்சுக்குச் சொன்னால் போதுமா?

பூநகரியான் (கிளிநொச்சி)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சண்டை முற்றிவிட்டது, அதனால் இங்கே வந்து கேட்கிறேன்.

அண்ணா கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறார். போன கிழமை விடியப்புறம் அவருக்கு நெஞ்சு இறுக்கம், இடது தோளில் உளைவு, உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை. வாய்வுக் குத்து என்று நினைத்து இஞ்சிப் பிளேன்ரீ குடித்துப் பார்த்திருக்கிறார். கேட்கவில்லை. அண்ணி காரில் ஏற்றிப் பக்கத்திலிருந்த வாக்-இன் கிளினிக்குக்குக் கொண்டுபோனா. அங்கே டொக்டர் ஈசிஜி எடுத்தார், ஆஸ்பிரினைச் சப்பச் சொன்னார், அவசர இலக்கமான 911க்கு அடித்தார். அவ்வளவுதான். ஊசியும் இல்லை, சேலைனும் இல்லை. அம்புலன்ஸ் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் (அடைத்த இரத்தக் குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக் குழாய்) வைத்தார்கள். இப்போது வீட்டில் சுகமாக இருக்கிறார்.

அப்பாவுக்கும் முன்பு இதே வருத்தம் வந்தது. வயலில் நின்றவரைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். ஈசிஜி எடுத்த கையோடு இரத்தக் கட்டியைக் கரைக்கிற மருந்து ஏற்றினார்கள். அடுத்த நாள் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அம்மா இப்போது சொல்கிறா, "கனடாக்காரனை விட எங்கட டொக்டர்மார் கெட்டிக்காரர், உடனே மருந்து ஏத்தினவை." சித்தப்பா அந்தக் கிளினிக் மேல் வழக்குப் போடச் சொல்கிறார்.

வெளிநாட்டுக் கிளினிக்குகளில் மாரடைப்புக்கு உண்மையிலேயே ஒன்றும் செய்ய மாட்டார்களா? அம்மாவும் சூப்பர் விசாவில் (பிள்ளைகளிடம் நீண்ட நாள் தங்கப் பெற்றோருக்குக் கனடா கொடுக்கிற விசா) அங்கே போகப் போகிறா. சீனியும் பிரஷரும் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாங்குளம்_மிசி

தம்பி, முதலில் சித்தப்பாவை வழக்கை விடச் சொல்லுங்கள். அந்தக் கிளினிக் டொக்டர் செய்தது சரி. கிளிநொச்சியில் செய்ததும் சரி.

இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாயில் கட்டி விழுந்து அடைப்பதுதான் மாரடைப்பு. இரணைமடுத் தண்ணீர் வருகிற வாய்க்காலில் மண் விழுந்து அடைத்தால் கீழே உள்ள பயிர் வாடுகிற மாதிரி, அடைப்புக்கு அந்தப் பக்கத்துத் தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டு போகும். அடைப்பை எடுக்க இரண்டு வழி. ஒன்று, மருந்து ஏற்றிக் கட்டியைக் கரைப்பது. மற்றது, கை அல்லது தொடை நாடி வழியாகக் கம்பி விட்டு, பலூனால் விரித்து ஸ்டென்ட் வைப்பது. இரண்டாவதுதான் திறம். ஆனால் அதற்குக் கேத் லாப் என்கிற தனி அறை வேண்டும், பழகிய ஆட்கள் வேண்டும், அவர்கள் இரவு இரண்டு மணிக்கும் வர வேண்டும்.

பெரிய அடைப்பு என்று ஈசிஜியில் தெரிந்தால், அந்த நேரத்திலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் வைக்க முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். முடியும் என்றால் நேரே கேத் லாப். முடியாது என்றால் காத்திருக்காமல் மருந்தை ஏற்றிவிட்டு அனுப்புவது. ஸ்காபரோவில் முடியும். கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அறுபது கிலோமீற்றருக்கு மேல். வண்டி ஒழுங்குபண்ணி, அங்கே கதைத்து, ஆனையிறவு தாண்டிப் போய்ச் சேர்ந்து, மேசையில் படுத்துவதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். அதனால்தான் இங்கேயே ஏற்றினார்கள்.

கட்டி கரைக்கிற மருந்தைச் சும்மா கிளினிக்கில் வைத்து ஏற்றவும் முடியாது. இங்கே பாவிக்கிற ஸ்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட். அரை மணியில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் சொட்டுச் சொட்டாகப் போக வேண்டும். சிலருக்குப் பாதி போகும்போது திடீரென்று பிரஷர் 80க்கு இறங்கும். ஆள் வெளிறிப் போய் நேர்சைப் பார்த்து "மிசி, கண் இருட்டுது" என்பார். சொட்டின் வேகத்தைக் குறைத்து, கால்மாட்டை உயர்த்தி, மொனிற்றரில் இருந்து கண்ணை எடுக்காமல் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நூறு பேரில் ஒருவருக்கோ அதிலும் குறைவானவர்களுக்கோ மூளையில் இரத்தம் கசியவும் கூடும். ஏற்றி முடித்து ஒன்றரை மணி நேரத்துக்குள் மறுபடி ஈசிஜி. உயர்ந்து நின்ற கோடு பாதிக்காவது இறங்காவிட்டால், கட்டி கரையவில்லை என்று உடனே கேத் லாப் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஸ்காபரோ_மருமகன்

மிசி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே அம்புலன்சில் வருகிற பரமெடிக் வீட்டு ஹோலில் வைத்தே பன்னிரண்டு லீட் ஈசிஜி எடுப்பார். மாரடைப்பு என்று தெரிந்தால் பக்கத்தில் உள்ள எமர்ஜென்சியைத் தாண்டி, கேத் லாப் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேரே கொண்டுபோவார். போகிற வழியில் அங்கே சொல்லியும் விடுவார். கிளினிக்குக்குப் போனால் அந்த நேரம் முழுக்க வீண். உங்கள் அண்ணி வீட்டில் இருந்தே 911 அடித்திருக்க வேண்டும். அதோடு, வழியில் காருக்குள் இதயம் நின்றால் ஸ்டியரிங் பிடித்திருக்கிற ஆளால் என்ன செய்ய முடியும்?

எங்கள் ஆட்கள் ஏன் அடிப்பதில்லை என்றால், காசுப் பயம். ஒன்ராறியோவில் ஹெல்த் காட் உள்ளவருக்கு அவசரத்துக்கு அம்புலன்ஸ் 45 டொலர். காட் இல்லாத விசிற்றருக்கு 240 டொலர். ஆயிரக்கணக்கில் வரும் என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டு நெஞ்சைப் பிடித்தபடி பஸ்ஸில் போகிறார்கள்.

என் மாமாவை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போன கதையும் இருக்கிறது, பெயர் வேண்டாம். "நெஞ்சு கொஞ்சம் ஒரு மாதிரி" என்று மாமா மரியாதையாகச் சொன்னார். முன் மேசைப் பிள்ளை இலக்கம் கொடுத்து இருக்கச் சொன்னது. சளிக்கு வந்தவர்களுக்குப் பின்னால் இருந்தோம். பிறகு நான் எழும்பிப் போய் "செஸ்ட் பெயின்" என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. அங்கே கூச்சப்படக் கூடாது.

வன்னியன்77

எல்லாம் வியாபாரம் ஐயா. ஸ்டென்ட் விற்றால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. எங்கள் அப்பப்பா உள்ளியும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சிக் குடித்து தொண்ணூறு வயது வரை இருந்தார். தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் இதயம் நிற்காது என்று ஒரு டொக்டரே அனுப்பின மெசேஜ் என்னிடம் இருக்கிறது. போடவா?

மாங்குளம்_மிசி

போட வேண்டாம் அண்ணை. அந்த மெசேஜ் உலகம் முழுக்கச் சுற்றுகிறது. ஆஸ்பத்திரியில் மொனிற்றர் பூட்டி, டொக்டர் பக்கத்தில் நிற்கும்போது, சில வகை இதயத் துடிப்புக் கோளாறுக்குச் சில வினாடி இருமச் சொல்வது உண்டு. வீட்டில் தனியாக இருமினால் அடைப்புத் திறக்காது. இருமி நேரத்தை வீணாக்காமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், வடக்குக்கு 2018இல் இருந்து ஓடுகிறது, தமிழில் கதைக்கலாம்.

உள்ளியை ரசத்தில் போட்டுச் சாப்பிடுங்கள், நல்லது.

ஒஸ்லோவாசி

நோர்வேயில் இருந்து எழுதுகிறேன். ஊர் மல்லாவி. "வெளிநாடு" என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். ஒஸ்லோவில் மாரடைப்பு என்றால் நேரே பலூன். ஆனால் இந்த நாட்டின் வடக்கில், மலையும் பனியும் கடலும் குறுக்கே நிற்கிற ஊர்களில், கேத் லாப் பல மணி நேரத் தூரம். அங்கே அம்புலன்ஸ் ஆட்கள் ஈசிஜியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், டொக்டர் அங்கிருந்து பார்த்துச் சரி என்றால் வண்டியிலேயே கட்டி கரைக்கிற ஊசி போடுவார்கள். அது ரெனெக்ரெப்ளேஸ், நிறையைப் பார்த்து 30 முதல் 50 மில்லிகிராம், ஒரே தள்ளில் ஏற்றிவிடலாம். மிசி சொன்ன மாதிரிச் சொட்டுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நிற்கத் தேவையில்லை.

ஆக, நோர்வேயின் வடக்கில் இருப்பவருக்கும் முல்லைத்தீவில் இருப்பவருக்கும் ஒரே வைத்தியம்தான். வித்தியாசம், அங்கே ஊசி நோயாளியைத் தேடி வருகிறது, இங்கே நோயாளி ஊசியைத் தேடிப் போகிறார். என்னைக் கேட்டால் வன்னிக்கு இன்னொரு கட்டடத்தை விட இந்த ஏற்பாடுதான் முதலில் வேண்டும். ஒட்டுசுட்டானில் ஒரு வண்டிக்குள் எடுத்த ஈசிஜியை யாழ்ப்பாணத்தில் இருக்கிற இதய டொக்டர் போனில் பார்க்கத் தடையாக இருப்பது தூரம் இல்லை.

இங்கே உள்ளவர்களுக்கு: மாரடைப்புக்கு 113. லெகெவாக்ட் என்கிற 116117, காய்ச்சல், காது நோ போன்றவற்றுக்கு. நெஞ்சு நோவுக்கு அங்கே அடித்துக் காத்திருக்க வேண்டாம்.

முள்ளியவளை_அக்கா

ஒஸ்லோ தம்பி சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன், ஆனால் ஒரு திருத்தம். ஊசி தேடி வந்தாலும், வருத்தம் இன்னது என்று வீட்டில் தெரிய வேண்டுமே. என் மனுசனுக்கு நெஞ்சு நோவே வரவில்லை. சீனி வருத்தக்காரர். ஓங்காளம், ஒரு சத்தி, பிறகு சரியான களைப்பு. வெயிலில் நின்றதால் என்று நினைத்தோம். மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் எடுத்த முதல் ஈசிஜியில் ஒன்றும் இல்லை. நான் வீட்டுக்குப் போவோமா என்று கேட்டேன். அந்த டொக்டர் பிள்ளை விடவில்லை. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுத்தார். அந்த இடைவெளிக்குள் கோடு மாறிவிட்டது.

என்னுடைய கேள்வி: லண்டனில் இருக்கிற என் மச்சாளுக்கு நெஞ்சு எரிவு என்று போனபோது அவர்களின் குடும்ப டொக்டர் ரத்தம்கூட எடுக்கவில்லையாம். ட்ரொபோனின் என்று ஒரு சோதனை இருக்கிறதாமே. ஏன் கிளினிக்கிலேயே எடுப்பதில்லை?

ஈஸ்ட்ஹாம்_தம்பி

அக்கா, நான் லண்டனில் ஒரு ஜிபி சேர்ஜரியில் (குடும்ப டொக்டரின் கிளினிக்) வேலை செய்கிறேன், டொக்டர் இல்லை. நாங்கள் எடுக்கிற ரத்தத்தை வான் வந்து லாப்புக்குக் கொண்டுபோகும். முடிவு பின்னேரமோ அடுத்த நாளோ வரும். உண்மையில் மாரடைப்பு என்றால் அதற்குள் காரியம் முடிந்துவிடும். இதயத் தசை சேதப்பட்ட பிறகுதான் ட்ரொபோனின் ரத்தத்துக்குள் கசியும், அதனால் நோ தொடங்கின உடனே எடுத்தால் சும்மா நோர்மல் என்று காட்டவும் கூடும். ஆஸ்பத்திரியில் ஒருமுறை எடுத்து, ஒரு மணி அல்லது மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். கிளினிக்கில் அந்த வசதி இல்லை. எங்களிடம் நெஞ்சு நோ என்று யாராவது போன் எடுத்தால், போனை வைத்துவிட்டு அம்புலன்சுக்கு 999க்கு அடிக்கச் சொல்லத்தான் எங்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். ஆட்கள் கோபிப்பார்கள், "டொக்டரைக் கூடப் பார்க்க விடுகிறாய் இல்லை" என்று.

ஈசிஜியில் கோடு உயர்ந்து நின்றால் ட்ரொபோனினுக்குக் காத்திருக்கவே மாட்டார்கள். அது கோடு தெளிவில்லாதவர்களுக்குத்தான் முக்கியம்.

விசிற்றர்களுக்கு ஒன்று: இங்கிலாந்தில் ஏ அன்ட் ஈ என்கிற அவசர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பதற்குக் காசு இல்லை. வார்டில் அனுமதித்த பிறகு, வதிவிட உரிமை இல்லாதவருக்கு வழமைச் செலவின் 150 வீதம் பில் வரும். அவசர சிகிச்சையைக் காசுக்காக நிறுத்தி வைக்க மாட்டார்கள், ஆனால் பில் பிறகு வீட்டுக்கு வரும். இன்சூரன்ஸ் இல்லாமல் அம்மா அப்பாவைக் கூப்பிடாதீர்கள்.

வவுனியா_பாமசி

ஆஸ்பிரின் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. ஆஸ்பிரினைச் சப்பச் சொன்னார், 911க்கு அடித்தார், "அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த "அவ்வளவுதான்" தேவையில்லை. கட்டி மேலும் பெருக்காமல் தடுப்பது அதுதான். இங்கே 300 மில்லிகிராம் கொடுப்போம். கனடாவில் வீடுகளில் இருப்பது 81 மில்லிகிராம் குளிசை, இரண்டைச் சப்பச் சொல்வார்கள். சப்பி விழுங்க வேண்டும், முழுசாக விழுங்கக் கூடாது, அதுவும் மேலே பூச்சுப் போட்ட குளிசை என்றால் கட்டாயம் சப்ப வேண்டும். ஆஸ்பிரின் ஒத்துவராதவரும் வயிற்றில் இரத்தக் கசிவு உள்ளவரும் அம்புலன்ஸ்காரரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

பூநகரி அண்ணைக்கு: அப்பாவுக்கு ஸ்ரெப்டோகைனேஸ் ஏற்றினது என்றால், அதை ஆஸ்பத்திரியால் விடும்போது தருகிற டயக்னோசிஸ் காட்டில் திகதியோடு எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த மருந்துக்கு எதிராக உடம்பு எதிர்ப்பை உண்டாக்கிவிடும், இரண்டாம் முறை அதையே ஏற்றக் கூடாது, வேறு மருந்து கொடுக்க வேண்டும். அவர் எந்த நாட்டுக்குப் போனாலும் இதைச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, எங்கள் சனம் காஸ்ட்ரைட்டிஸ் என்று ஒமெப்ரசோலைக் கடலை மாதிரிப் போடும். ஸ்டென்ட் வைத்தவர், கட்டி விழாமல் தடுக்கிற குளோபிடோகிரல் எடுத்தால் ஒமெப்ரசோல் அதன் வேலையைக் குறைக்கும். பன்ரோபிரசோல் மாற்றிக் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்த பிறகு ஆஸ்பிரின், குளோபிடோகிரல் இரண்டு குளிசையையும் டொக்டர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி விழும். பல்லுப் பிடுங்கப் போகிறேன் என்று நிறுத்தின ஆட்கள் இருக்கிறார்கள்.

பூநகரியான்

எல்லாருக்கும் நன்றி. சித்தப்பா இழையை வாசித்துவிட்டு, வழக்கை விட்டுவிட்டார். இப்போது அண்ணி காரில் கொண்டுபோனது பிழை என்று தொடங்கியிருக்கிறார், அதை விடுங்கள்.

அம்மாவின் விடயம். ஒரு முறை கூட மாரடைப்பு வரவில்லை, ஆனால் பிரஷர் குளிசையைப் போன மாதம் கிளினிக்கில் மாற்றினார்கள். அவவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் வராது. பகலில் வீட்டில் தனியாகத்தான் இருப்பா. என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

ஸ்காபரோ_மருமகன்

குளிசை மாற்றினதை இன்சூரன்ஸ்காரரிடம் மறைக்காதீர்கள். சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனேடிய டொலருக்கு ஒரு வருடக் காப்புறுதி வேண்டும். ஆனால் பல காப்புறுதிகளில் ஒரு நிபந்தனை சின்ன எழுத்தில் இருக்கும்: ஏற்கெனவே உள்ள வருத்தம் 90 நாளோ 180 நாளோ மாற்றமில்லாமல் நிலையாக இருந்திருக்க வேண்டும். குளிசையின் அளவைக் கூட்டினாலும் குறைத்தாலும் நிலையில்லை என்று எடுப்பார்கள். பிறகு மாரடைப்பு வந்தால், பிரஷரால் வந்தது, தர மாட்டோம் என்பார்கள். பயணத்தைப் பிந்திப் போடலாம், அல்லது அந்த நிபந்தனை இல்லாத திட்டத்தைக் கூடுதல் காசுக்கு எடுக்கலாம். பாட்டுப் பாட்டாகக் கதைக்கிற முகவர் வாயால் சொன்னதை நம்பாமல் எழுத்தில் கேளுங்கள்.

மொழிக்கு: 911 அடித்து "தமிழ்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை லைனில் போடுவார்கள். பேரப்பிள்ளையை வைத்து அம்மாவுக்கு அந்த ஒரு சொல்லையும் வீட்டு விலாசத்தையும் பழக்குங்கள். கதவுப் பூட்டைத் திறந்து வைத்துவிட்டு இருக்கச் சொல்லுங்கள். எங்கள் அப்பார்ட்மென்டில் பரமெடிக் வந்து கதவடியில் நின்றது எனக்குத் தெரியும்.

மாங்குளம்_மிசி

கிளினிக் கொப்பியைக் கட்டாயம் கைப்பையில் வைக்கவும், லக்கேஜில் போட வேண்டாம். குளிசைகளின் மூலப் பெயரை ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதுங்கள், பிராண்ட் பெயர் அங்கே வேறாக இருக்கும். ஒவ்வாமை இருந்தால் மேலே பெரிதாக.

போக முன் ஒரு ஈசிஜி எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். சில பேருக்குப் பழைய காலத்திலிருந்தே ஈசிஜியில் ஒரு கோணல் இருக்கும், மின்சாரம் ஒரு பக்கக் கிளையில் தடைப்படுவது மாதிரி. அதைப் புதிதாகப் பார்க்கிற டொக்டருக்கு மாரடைப்பு மாதிரியே தெரியும். பழையது கையில் இருந்தால் ஒரு பார்வையில் முடிந்துவிடும்.

வவுனியா_பாமசி

நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை அப்பாவிடம் இருந்தால் அதை அம்மாவின் பையில் "எதற்கும் இருக்கட்டும்" என்று போட வேண்டாம். டொக்டர் எழுதினவர் மட்டும் பாவிப்பது. அப்பாவுக்கும் சொல்லுங்கள்: இருந்து கொண்டு வைக்க வேண்டும், நின்றபடி வைத்தால் தலைசுற்றி விழுவார். போத்தலைத் திறந்து எட்டுக் கிழமைக்குப் பிறகு அதில் வலு இருக்காது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் திரிந்தால் அதற்கு முன்பே போய்விடும்.

பூநகரியான்

நேற்று அம்மாவுக்கு ஈசிஜி எடுத்தாயிற்று, நோர்மல் என்று சொன்னார்கள். அந்தத் தாள் பழுதாகாமல் இருக்க லமினேட் பண்ணட்டா?

மாங்குளம்_மிசி

ஐயோ வேண்டாம் தம்பி. அது சூட்டுக்குக் கறுக்கிற தாள். லமினேட் மெஷினுக்குள் போனால் முழுத்தாளும் கறுப்பாக வெளியே வரும். சும்மா விட்டாலும் எங்கள் வெயிலுக்குச் சில மாதத்தில் கோடு மங்கிவிடும். இன்றைக்கே இரண்டு போட்டோகொப்பி எடுங்கள், ஒன்று கொப்பிக்குள், ஒன்று அண்ணிக்கு. போனில் ஒரு படம் எடுத்து அண்ணாவுக்கும் அனுப்பிவிடுங்கள், திகதியும் பெயரும் தெரிகிற மாதிரி.